கொடியின் அடியில் இருந்த முண்டு

மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஏழு மணிக்கு ஏறிய என்னை அருப்புக்கோட்டையில் பேருந்து இறக்கிவிட்டபோது எட்டரை. அங்கிருந்து திருச்சுழி டவுன் பஸ்; பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திராட்சைத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று நடத்துநரிடம் சொன்னேன்.

"செல்வியக்கா தோட்டமா? தோட்டத்துக்குப் பிரியுற விலக்குல எறக்கி விடுறேன். அவுக வண்டியோட வந்து நிப்பாக."

வழியெங்கும் சீமைக்கருவேலம், வற்றிய கண்மாய், கதிர் அறுத்த கம்பங்காடு. இந்த மண்ணில் திராட்சை என்றால், திராட்சைக்குப் பேர்போன எங்கள் கம்பம் ஊரில் என் சொந்தக்காரர்கள் இன்றும் சிரிப்பார்கள்.

செல்வி மதுரையில் என்னோடு படித்தவள். ஒரு விடுமுறைக்குக் கம்பம் வந்தவளுக்கு அப்பா தன் தோட்டத்துப் பன்னீர் திராட்சைக் குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தார். இப்போது அப்பா இல்லை. தோட்டமும் வீட்டு மனைகளாகிவிட்டது. அந்தக் கொடிகளின் மிச்சம் செல்வியின் போர்வெல் ஓரத்தில்தான் இருக்கிறது. கோவையில் என் வீட்டுக் கொல்லையில் நட நாலு குச்சி வாங்கிப்போக வந்தேன்.

பந்தலுக்குள் நுழைந்ததும் செல்வி ஒரு குலையைக் கிள்ளித் தந்தாள். தடித்த தோல், விதை, அதே வாசனை.

"உங்கப்பா தோட்டத்துப் பழம் மாதிரியே இருக்காடி?"

தலையாட்டினேன். அப்புறம்தான் அடித்தண்டைப் பார்த்தேன். மண்ணுக்குச் சற்று மேலே, தக்கை போல வெடித்த முண்டு. அடுத்த கொடியிலும் இருந்தது. ஆய்வகத்தில் பல வருடங்களாக நான் வளர்த்துப் பார்க்கும் பாக்டீரியாவின் வேலை.

கம்பத்தில் முதல் கொடியின் அடியிலும் இப்படி ஒன்று இருந்தது. சின்ன வயதில் அதில் கால்வைத்து ஏறித்தான் பழம் பறிப்பேன். "ஒனக்குன்னே கொடி போட்ட படி" என்பார் அப்பா.

முண்டைச் செல்விக்குக் காட்டி, இது கிருமியால் வரும் சீக்கு என்றேன்.

"எங்க மண்ணுல இருந்து வந்த சீக்கா?" என்றாள் செல்வி.

"இல்ல. எங்க குச்சியோடவே வந்திருக்கு."

"இத்தனை வருசம் நல்லாத்தான காச்சுச்சு?"

"கிருமி சாறுக்குள்ள சும்மா கெடக்கும். சீக்க உண்டாக்குற ஜீனெல்லாம் மூடியே இருக்கும். தண்டுல காயம் பட்டா அங்க ஊறுற சாற மோந்துதான் அதுகளத் தெறக்கும். தன் ஜீன்ல ஒரு துண்ட கொடிக்குள்ள அனுப்பும். அதுக்கப்புறம் கொடியே முண்ட வளத்து அதுக்குச் சோறு போடும்."

அவள் தண்டைத் தடவினாள். "போன மழைக்குக் களையெடுக்க மிஷின் விட்டேன். தண்டெல்லாம் சீவிருச்சு."

குச்சி எடுக்கவில்லை. கொழுந்து நுனியில் கடுகளவு வெட்டி ஆய்வகத்தில் வளர்த்தால் கிருமியில்லாத கன்று கிடைக்கக்கூடும். நாள் பிடிக்கும், கிடைக்காமலும் போகலாம். சில நுனிகளை ஈரத்துணியில் பொதிந்துகொண்டேன்.

மாலை நாலு மணிக்கு விலக்கில் நிற்கும்போது செல்வி பாளையம்பட்டிக்குப் போன் போட்டாள். அங்கே ஒருவர் இவள் தருவதாகச் சொன்ன குச்சிகளை நம்பி, நடுவதற்குக் குழி தோண்டி வைத்திருந்தார்.

"அண்ணே, குச்சி தர ஏலாது. சீக்கு இருக்கு... பாத்தா தெரியாதுண்ணே, உள்ளுக்குள்ள இருக்கும்... மோசமான கொடி மூணையும் நாளைக்கே பிடுங்கப் போறேன்."

மறுமுனையில் அவர் கோபப்படுவது எனக்கும் கேட்டது. அவள் மறுபடியும் அதையே பொறுமையாகச் சொன்னாள்.

பேருந்து நகர்ந்தது. எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீர், மலைக்காற்று எல்லாம் உண்டு; அப்பாவின் கொடிதான் இல்லை. அது மிஞ்சியது இந்த வறண்ட மண்ணில்; அதிலும் மூன்று நாளை இருக்காது. அப்பாவின் தோட்டம் இருந்த இடத்தைக் கடந்து எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஒருமுறையும் அழுததில்லை. கண்மாய்க்கரை தாண்டி, செல்வியின் பந்தல் மறைந்த பிறகு அழுதேன்.