தேசிக்காய் கட்டிய பின்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, பௌத்தர்களின் வெசாக் பௌர்ணமிப் போயாவுக்கு மறுநாள் காலையில் நடந்தது இது. மாவனல்லையிலிருந்து மலைப்பக்கமாக ஏறிப் போனால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் வீடு. தோட்டத்து ரோடு இறங்கி, சந்தியைத் தொடுவதற்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவு இருக்கிறது. அந்த வளைவு வந்தால் இன்றைக்கும் நான் வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ட்ரெக்டர் ஓட்டுவது நான்தான். என் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். மோட்டார் சைக்கிளைத் தவிர வேறெந்த வாகனத்திலும் கை வைக்க மாட்டார். சின்ன ட்ரெக்டர் ஒன்று வாங்கி நான் ஓட்டத் தொடங்கியபோது தோட்டத்து லய வீடுகளில் சிரிக்காதவர்கள் இல்லை. சிரித்தவர்கள் வீட்டு விறகும் உர மூட்டையும் என் ட்ரெக்டரில் ஏறின பிறகு வாய் தானாக அடங்கியது. எனக்கும் கொஞ்சம் வாய் அதிகம் என்பார்கள். இருக்கட்டுமே, இல்லாவிட்டால் இந்த ரோட்டில் பிழைக்க முடியுமா?

அந்த வருஷம்தான் ட்ரெக்டருக்குப் பின்னால் மாட்டுகிற புல் வெட்டும் மெஷின் ஒன்று எங்களுக்குக் கைமாறி வந்தது. மாவனல்லையில் கடை வைத்திருக்கிற முதலாளி ஒருவர் எங்களுக்கு முதல் வேலை கொடுத்தார். அவருடைய காணியில் இளம் ரப்பர் வரிசைகளுக்கு நடுவே இடுப்பளவு புல் மண்டிக் கிடந்தது. மழை பிடிக்கும் முன்னால் வெட்டி உரம் போட வேண்டும், காலையிலேயே வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். முதல் வேலையே கைநழுவிப் போனால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள் என்று எனக்குப் பரபரப்பு.

இந்த மெஷினை மாட்டுவது அவசரக்காரர்களுக்குச் சரிவராத வேலை. மெஷினைச் சமதரையில் வைத்து, ட்ரெக்டரை நேராகப் பின்னுக்கு எடுத்து, கீழே இருக்கும் இரண்டு இரும்புக் கைகளையும் மெஷினின் இரண்டு பக்கத்துக் கம்பிகளில் நுழைக்க வேண்டும். கை நழுவி வெளியே வராமலிருக்க, கம்பியின் நுனியில் இருக்கும் துளையில் லொக் பின் போட வேண்டும். அது விரல் நீளத்துக்கு ஓர் ஆணி, தலையில் ஒரு வளையம். ஆணியைத் துளையில் இறக்கி வளையத்தை மடக்கினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். மடக்காமல் விட்டால் குலுக்கலில் தானாக எழும்பி விழுந்துவிடும். அதற்குப் பிறகு மேல்கை, அதற்குப் பிறகு மெஷினைச் சுழற்றுகிற ஷாப்ட், கடைசியாக மெஷின் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடாமலிருக்கச் சங்கிலிகள். எல்லாவற்றையும் நானே மாட்டினேன். தூக்கிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன், காலால் உதைத்தும் பார்த்தேன். அசையவில்லை.

பிறகு தேத்தண்ணி குடிக்க உள்ளே போனேன். அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் பூசையை ஆரம்பித்திருக்கிறார்.

முதல் வேலைக்குப் போகிற சாமான், கண் படாமல் போக வேண்டுமே! தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, மஞ்சளும் குங்குமமும் வைத்து, பூவும் சொருகியிருக்கிறார். கடைசியில் ஒரு தேசிக்காயை, அதுதான் எலுமிச்சங்காயை, மஞ்சள் நூலில் கோத்துக் கட்ட இடம் தேடியிருக்கிறார். ட்ரெக்டரின் முன்னால் கட்டியிருந்தால் வம்பே இல்லை. புதுசாக வந்தது மெஷின்தானே, அதற்குத்தான் கட்ட வேண்டும் என்று பின்னால் போயிருக்கிறார். அங்கே நூல் கட்டுவதற்கென்றே செய்து வைத்த மாதிரி ஒரு வளையம்! இடப்பக்க லொக் பின்னின் வளையத்தைத் தூக்கி, அதில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார். தூக்கின வளையம் தூக்கினபடியே நின்றது. நான் வெளியே வந்தபோது மெஷின் கல்யாணப் பெண் மாதிரி மஞ்சளும் பூவுமாக இருந்தது. கும்பிட்டுவிட்டு ஏறிவிட்டேன்.

காணியில் கல்லும் கொம்பும் கிடந்தால் மெஷினின் கத்தி உடைந்துவிடும் என்று, அதையெல்லாம் பொறுக்கிப்போட அவர் மோட்டார் சைக்கிளில் முன்னாலேயே போய்விட்டார்.

எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. சந்தியில் நடக்கிற தன்சலுக்குப் போக வேண்டும் என்று விடிந்ததிலிருந்து ஒற்றைக்காலில் நின்றாள். வெசாக் நாட்களில் ரோட்டோரத்தில் பந்தல் போட்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சாப்பாடோ குடிக்கவோ கொடுப்பார்கள் இல்லையா, அந்தத் தன்சல்தான். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளும் போய் வரிசையில் நிற்கும். பக்கத்து வீட்டு அக்காவோடு அனுப்பி வைத்தேன். வளைவுக்குச் சற்றுக் கீழே, ரோட்டின் இடது ஓரத்தில்தான் அந்த வரிசை நிற்கும். நானும் அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும். மகளைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போகலாம் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

வளைவுக்கு மேலே இருக்கிற ஒரு சின்னப் பாலத்தருகில் ஒரு இளைஞன் பௌத்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். இடுப்பில் வெள்ளைச் சாரம், மேலே வெள்ளை சேர்ட். கீழே கூட்டம் இருக்கிறது, மெதுவாகப் போங்கள் என்று வாகனங்களுக்குக் கொடி காட்டுகிறவன். அந்த இடத்தில் ரோடு குண்டும் குழியும். மெஷின் ஒரு குதி குதித்தது. வழக்கமான குலுக்கல்தானே என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து ஒரே கத்தல். இன்ஜின் இரைச்சலில் ஒரு சொல்தான் காதில் விழுந்தது.

"பின்! பின் எக்க! பின்!"

சிங்களத்தில் பின் என்றால் புண்ணியம். திரும்பிப் பார்த்தால், கொடிக்காரன் ஓடி வருகிறான். ஒரு கையில் கொடி, மறு கையில் நூலில் தொங்குகிற ஒரு தேசிக்காய். அதை என்னிடம் ஆட்டி ஆட்டிக் காட்டுகிறான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இன்றைக்குத் தேசிக்காய்த் தண்ணித் தன்சல்! குடித்துவிட்டுப் போ, எங்களுக்குப் புண்ணியம் கிடைக்கட்டும் என்று கூப்பிடுகிறான். தன்சல்காரர்கள் வாகனத்துக்குக் குறுக்கே விழுந்து மறிப்பது நமக்குப் புதுசா?

"எப்பா மல்லி, வெலாவக் நே!" என்று கத்தினேன். வேண்டாம் தம்பி, நேரமில்லை என்று. அவன் விடவில்லை. இன்னும் சத்தமாகப் பின், பின் என்றான். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஒங்க புண்ணியத்துக்கு நான்தானா கெடச்சேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினேன். ஆமாம், கூட்டினேன்.

சத்தம் நின்றது. தொலைந்தது சனியன் என்று நினைத்தேன். நினைத்து முடிக்கவில்லை, வளைவு ஆரம்பிக்கிற இடத்தில் ரப்பர் மேட்டிலிருந்து ஒரு உருவம் சறுக்கி விழுந்து, எழுந்து, நடு ரோட்டில் நின்றது. அவனேதான்! மரங்களுக்கிடையில் குறுக்கே இறங்கி ஓடி வந்திருக்கிறான். கொடியை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறான். பிரேக்கில் ஏறி நின்றேன் என்றே சொல்ல வேண்டும். ட்ரெக்டர் அவன் சாரத்தை உரசுகிற தூரத்தில் நின்றது.

அப்புறம் என் வாயைக் கேட்கவா வேண்டும்? "பிஸ்ஸுத, பைத்தியமா ஒனக்கு? சாகுறதுக்கு என் வண்டிதான் கெடச்சிதா?" என்று சிங்களமும் தமிழுமாகப் பொரிந்து தள்ளினேன். அவனுக்குப் பேச மூச்சு வரவில்லை. முழங்காலில் தோல் உரிந்து இரத்தம் சாரத்தில் ஊறிக்கொண்டிருந்தது. கையை விரித்துக் காட்டினான்.

எங்கள் தேசிக்காய். எங்கள் மஞ்சள் நூல். நூலின் மறு நுனியில் எங்கள் லொக் பின்.

அவன் கத்தினது புண்ணியத்தை இல்லை, இந்தப் பின்னை! இன்ஜினை நிறுத்தி, பிரேக்கைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். இடப்பக்கத்துக் கை கம்பியின் நுனிக்கு வந்துவிட்டது. இதோ இப்போது, இதோ இப்போது என்று அந்த நுனியில் நின்றது. இறங்கக் காலை எடுத்து வைத்ததுதான் தாமதம், கை நழுவி, மெஷின் ஒரு பக்கமாகச் சரிந்து, டமார் என்று ரோட்டில் அடித்தது. தார் பெயர்ந்து பறந்தது. மேல்கை வளைந்துவிட்டது.

நான் நின்ற இடத்திலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே வரிசை தெரிந்தது. பொடிப்பொடிப் பிள்ளைகள், கைக்குழந்தைக்காரிகள். அதற்குள் என் மகள் மஞ்சள் சட்டையோடு நின்று என்னைப் பார்த்துக் கையாட்டினாள். அந்த இறக்கத்தில், அந்த வேகத்தில், அந்த இரும்பு அவர்கள் பக்கத்தில் வைத்துச் சரிந்திருந்தால்? ரோட்டிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பெற்ற வயிறு அல்லவா, வெட்கமெல்லாம் வரவில்லை.

அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முதலில் ட்ரெக்டரின் சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுத்தான். மேலும் கீழும் ஆட்களை நிறுத்தி வாகனங்களை மறித்தான். பந்தல் போட்டு மிஞ்சிய மரங்களை நெம்புகோலாகக் கொண்டுவரச் சொன்னான். தன்சலை அப்படியே விட்டுவிட்டுப் பாதிப் பேர் மேலே வந்துவிட்டார்கள். ஒரு பெண் என் முகத்தைக் கழுவித் தண்ணீர் குடிக்க வைத்தாள். சிங்களத்தில் நன்றி சொல்லவும் அதே பின்தான். "பொஹோம பின் மல்லி" என்றேன். பொஹோம என்றால் ரொம்ப, நிறைய. அவன் கையிலிருந்த ஆணியைத் தூக்கிக் காட்டி, "நே அக்கே, எக்காய்" என்றான். நிறைய இல்லை, ஒன்றுதான்! சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அழுகையோடு நானும் சிரித்துவிட்டேன்.

அதற்குள் யாரோ போன் பண்ணி என் வீட்டுக்காரர் பதறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தேசிக்காயையும் அதில் தொங்குகிற ஆணியையும் பார்த்ததும் ஆளுக்கு முகம் வெளிறிவிட்டது. நான் விடவில்லை.

"நீங்க சாமிக்குக் கட்டுனீங்களா, எமனுக்குக் கட்டுனீங்களா?"

"நல்லதுக்குத்தானே புள்ள கட்டுனேன்" என்றார், அழாத குறையாக.

அந்த இளைஞனுக்குத் தமிழ் ஓரளவு தெரியும். இரண்டு பாஷையும் கலந்து புழங்குகிற மாவனல்லைப் பக்கம் அது அதிசயமில்லை. அவன் குறுக்கே வந்தான். "அக்கே, அண்ணாவ ஏச வேணாம். வெறும் ஆணி விழுந்தா எனக்குத் தெரியாது. தேசிக்கா உருண்டு வந்ததுதானே, அதுதான் பாத்தேன்" என்றான்.

அந்த நிமிஷம் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும்! பல்ப் போட்ட மாதிரி. அந்தத் தேசிக்காயால்தான் பின் கழன்றது. அந்தத் தேசிக்காயால்தான் கழன்றது தெரிந்தது. இன்றைக்கும் வீட்டில் இந்தச் சண்டை தீரவில்லை. தேசிக்காய் மட்டும் இப்போது ட்ரெக்டரின் முன்னால்தான் கட்டப்படும். மாட்டி முடித்த மெஷினை இடையில் யார் தொட்டாலும், தொட்டது சாமியே என்றாலும், நான் ஒவ்வொரு வளையத்தையும் மறுபடி தொட்டுப் பார்க்காமல் ஏற மாட்டேன்.

எல்லோருமாகச் சேர்ந்து மெஷினை மரங்களால் நெம்பித் தூக்கிப் பிடித்தார்கள். வளைந்த மேல்கையை அடித்து நேராக்கினோம். இடப்பக்கத்துக் கையைக் கம்பியில் நுழைத்து, ஆணியை இறக்கி, நான் வளையத்தை மடக்கினேன். டக்கென்ற அந்தச் சத்தம் கேட்டதும் கூட்டம் கைதட்டியது. முதலாளிக்கு விஷயத்தைச் சொன்னோம். "அல்லாஹ் காப்பாத்தினான், பதறாம வாங்க. வேல எங்க ஓடப்போகுது?" என்றார். மனிதர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருக்கிறார்கள்!

புறப்படும்போது அவனிடம் கேட்டேன். "அவ்வளவு ஏசினேனே தம்பி, போய்த் தொலையட்டும்னு விட்டிருக்கலாமே?" அவன் கீழே கையைக் காட்டி, "பஹல லமயி இன்னவனே" என்றான். கீழே பிள்ளைகள் இருக்கிறார்களே என்று. அவ்வளவுதான் சொன்னான்.

அப்போதுதான் என் மகள் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தாள். கையில் தாளில் சுற்றிய அவித்த கடலை. ஆமாம், அன்றைக்குத் தன்சலில் கொடுத்தது கடலை! தேசிக்காய்த் தண்ணியெல்லாம் என் தலைக்குள் மட்டும்தான். அவள் "அம்மா" என்று வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டதும் அவன் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். உங்கள் மகளா என்று சைகையால் கேட்டான். நான் தலையாட்டினேன். அவன் அவள் தலையில் கையை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டான்.

அவன் அந்த ஊர்க்காரன்கூட இல்லை, வெசாக்குக்குச் சிநேகிதன் வீட்டுக்கு வந்தவன் என்று பிறகுதான் தெரிந்தது. இருந்த பதற்றத்தில் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வெசாக்குக்கு அந்தச் சந்தியில் போய்த் தேடினேன், வரவில்லை என்றார்கள்.

அந்த வரிசையில் என் பிள்ளை நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்த நான் நேரமாகிறது என்று வேகத்தைக் கூட்டினேன். நிற்பது யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியாத அவன், என்னிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு முழங்கால் உடைய ஓடி வந்தான். அதனால்தான் சாமி கும்பிடும்போது, என் மகளுக்காக வேண்டி முடித்ததும் நான் உடனே எழுந்துவிடுவதில்லை. யார் பெற்ற பிள்ளையோ, எங்கே இருந்தாலும் அவன் நன்றாக இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் கைகூப்பியபடியே நிற்கிறேன்.