வலைமேல் சாய்ந்த வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டு பால்கனியில் துணிக்கொடி கட்ட ஒருவர் வந்திருந்தார். நைலான் கயிற்றை அறுத்து, பிரிந்துவிடாமல் இருக்க நுனியை லைட்டரில் காட்டினார். அந்தக் கருகல் நாற்றம் ஏறியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றேன். "இன்னா சார், வீசிங்கா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். நைலான் கருகினால் சலீமின் காதிலிருந்து வழிந்த ரத்தம்தான் எனக்கு ஞாபகம் வரும் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

பல வருஷங்களுக்கு முன்னால் குரோம்பேட்டையில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தோம். ஐந்து நண்பர்கள், மூன்று வண்டி. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பாண்டிச்சேரிக்குக் கிளம்புவோம். அங்கே போய்ப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. டீ குடிப்போம், கடலைப் பார்ப்போம், திரும்புவோம். ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓட்டினோம் என்று திங்கட்கிழமை சொல்லிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

'ஓட்டினோம்' என்று நான் சொல்வது கொஞ்சம் அதிகம். எனக்கு இன்றுவரை வண்டி ஓட்டத் தெரியாது. பம்மல் சலீமுக்குப் பின்னால் நான் நிரந்தரப் பின்சீட்டு. காற்று இரைச்சலில் ஒன்றும் கேட்காது என்பதால் அவனுடைய இடது தோள் பக்கம் குனிந்து "பள்ளம்டா", "மாடுடா", "பின்னால லாரிடா" என்று காதருகே கத்துவது என் உத்தியோகம். அதில் நான் கெட்டிக்காரன். ஒரு பள்ளத்திலும் அவனை இறங்க விட்டதில்லை.

எங்களில் ஏழுமலைதான் கடற்கரைக்காரன். கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பம், பெயர் வேண்டாம். அவனும் சலீமும் கேன்டீனில் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ரம்ஜானுக்கு ஏழுமலைக்கென்று தனித் தூக்கில் பிரியாணி வரும், அதை எங்கள் கண்ணிலேயே காட்டமாட்டான், பாவி. ஒரு முறை பாண்டிச்சேரியிலிருந்து திரும்பும்போது, "எங்க அண்ணி மீன் கொழம்பு வச்சிகினு கீது. துன்னுட்டுத்தான் போணும்" என்று ஒரே பிடிவாதம்.

விடிகிற நேரத்தில் குப்பத்துக்குள் நுழைந்தோம். மற்றவர்கள் ரோட்டோரம் நிறுத்தினார்கள். சலீமின் வண்டி புதுசு, இரண்டு பக்கமும் சைலன்சர் வைத்தது. கடலோடு சேர்த்து அதை போட்டோ எடுக்கவேண்டும் என்று என்னை இறக்கிவிட்டு நேராக மணலுக்கே ஓட்டிப் போனான். சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினான். மணலில் ஸ்டாண்ட் நிற்குமா? கண்ணெதிரே புதைந்து, வண்டி அப்படியே சாய்ந்து, பக்கத்தில் குவித்து வைத்திருந்த நைலான் வலைமேல் விழுந்தது. இரவெல்லாம் ஓடிய சைலன்சர். புகை கிளம்பியது. பதறிப்போய் நாங்கள் வண்டியைத் தூக்கினால் உருகிய வலை சைலன்சரோடு ஒட்டிக்கொண்டு வந்தது, இழுக்க இழுக்கக் கிழிந்தது.

சலீம் வலையைப் பார்க்கவில்லை. டேங்கில் கீறல் விழுந்ததா என்று கையால் தடவிப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை என்றதும் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் கரையிலிருந்த குப்பத்துக்காரர்கள் பார்த்தார்கள்.

ஏழுமலையின் அண்ணன் துடுப்போடு ஓடி வந்தார். வலை அவருடையது. அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். ஒருத்தர் என் காலரைப் பிடித்து முறுக்கியதில் எனக்கு மூச்சு நின்றது. இன்னொருத்தர் வண்டியின் ஹெட்லைட்டைக் கல்லால் உடைத்தார். அண்ணன் துடுப்பை ஓங்கினார். அது இறங்கியிருந்தால் சலீமின் மண்டை பிளந்திருக்கும்.

அதற்குள் ஏழுமலை பாய்ந்தான். சலீமின் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பிடுங்கி, அதாலேயே அவன் இடது கன்னத்தில் அடித்தான். "எங்கண்ணன் வலைடா! எங்கண்ணன் வலைடா!" ஒவ்வொரு கத்தலுக்கும் ஓர் அடி. எல்லாம் அதே பக்கம், அதே காது. சலீம் கையைக்கூடத் தூக்கவில்லை, "மச்சான், மச்சான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணன் துடுப்பைக் கீழே இறக்கிவிட்டார். கூட்டம் பின்வாங்கியது. சலீம் விழுந்தான். விழுந்தவன்மேல் ஏறி உட்கார்ந்து ஏழுமலை மறுபடியும் அடித்தான். கடைசியில் அண்ணனே அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். "வுட்றா, செத்துறப் போறான்டா!" தன் தோளிலிருந்த துண்டைச் சலீமின் தலையில் சுற்றிக் கட்டியதும் அவர்தான்.

திங்கட்கிழமை ஏழுமலை வேலைக்கு வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சலீம் போன் செய்துகொண்டே இருந்தான், அவன் எடுக்கவில்லை.

"அவன் முந்திக்கலன்னா நான் பொணம் மச்சான். காப்பாத்துனான்" என்பான் சலீம். இன்றும் அதையேதான் சொல்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் இரண்டு மூன்று அடிகள் காப்பாற்ற விழுந்தவை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். துடுப்பு கீழே இறங்கிய பிறகு விழுந்தவை எதற்கு? சலீமுக்குக் கண்ணெல்லாம் ரத்தம். ஏழுமலையின் முகத்தைப் பார்த்தவன் நான்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். கூட வந்த மற்ற இருவரில் ஒருவன் துபாயில். இன்னொருவன் எங்கே என்றே தெரியாது. அந்தக் கரையில் கல் கொட்டிவிட்டார்கள், வண்டி நிறுத்த மணல் இல்லை. சலீம் பம்மலில் சீட் கவர் கடை வைத்திருக்கிறான்.

கொடி கட்டியவர் போனதும் மனசு கேட்காமல் அவன் கடைக்குப் போனேன். டீ குடிக்கப் போகலாம் என்று வண்டியை எடுத்தான். ரொம்ப நாள் கழித்துப் பின்னால் ஏறினேன். பழக்கதோஷம், அனகாபுத்தூர் திருப்பத்தில் இடது தோள் பக்கம் குனிந்து "பள்ளம்டா" என்று கத்தினேன். வண்டி நேராகப் பள்ளத்தில் இறங்கியது. எனக்கு முதுகெலும்பே கழன்றுவிட்டது.

"இன்னாடா, முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றான் சலீம்.

"கவனிக்கல மச்சான்" என்று சொல்லிவிட்டு வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.