நேராக நடந்த நோயாளி

பாகூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவள் நான். புதிதாக டியூட்டிக்கு வரும் பிள்ளைகளே, என் கெட்டிக்காரத்தனத்தை மற்றவர்கள் சொல்லட்டும். முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டாக்டர் மேடம் சாப்பிடப் போயிருந்தார். நாற்பது வயது சேகரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவருடைய அக்கா மகன் பிரவீன் வந்தான். அவனுக்குப் பதினைந்து வயது. பின்னாலேயே அக்கா.

"சிஸ்டர், வூட்ல எங்கப்பாவுக்குப் படையல். அவருக்குப் புடிச்ச பிராந்தி ஆஃப் பாட்டில் வெச்சி கதவ சாத்துனோம். தெறந்தா பாட்டில் காலி! அப்பா வந்து குடிச்சிட்டு தம்பி மேல எறங்கிட்டாரு!" அந்த அம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீர்.

வந்தது யார் என்று எனக்கு வாசற்படியிலேயே மணத்தது. சேகர் சுவரைக் கும்பிட்டார். எடை மிஷினுக்கு "வணக்கம் சார்" சொன்னார். இருந்த ஒரே பெட்டில் அவரைப் போட்டேன்.

பிரவீனிடமும் வாடை வந்தது. "நீயும் குடிச்சியாடா?"

"கொஞ்சந்தான் சிஸ்டர்."

டைல்ஸ் கோட்டின் மேல் நடக்கச் சொன்னேன். நூல் பிடித்த மாதிரி நடந்தான். ஓ.பி. சீட்டுக்கு மாமாவின் பெயர், வயது எல்லாம் பிசகாமல் சொன்னான். அவனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மாமாவுக்கு பி.பி. பார்க்கப் போனேன்.

"நான் நாயமான ஆளு சிஸ்டர்," என்றார் சேகர். "நான் குடிக்கிறத இவன் பாத்துட்டான். வெளிய சொல்லிடுவான்னு சரிபாதி ஊத்திக் குடுத்தேன். ஒரே மூச்சுல அடிச்சிட்டான்!"

அக்காவின் கண்ணீர் சட்டென்று நின்றது. "இன்னாது? அப்ப அப்பா வரலியா?" என்று தம்பி முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

பதினைந்து வயதுப் பையனுக்குச் சரிபாதியா! திரும்பினால் பிரவீன் பெஞ்சில் சாய்ந்து குறட்டை விடுகிறான். கிள்ளினேன், அசையவில்லை. கை சில்லிட்டிருந்தது. படையல் முடியும்வரை வீட்டில் யாரும் சாப்பிடவில்லையாம். சுகர் பார்த்தால் அதலபாதாளத்தில் இருந்தது.

"சேகர், எறங்குங்க!"

"நான்தான சிஸ்டர் பேஷண்ட்டு?"

வாக்குவாதத்துக்கு நேரமில்லை. அக்காவும் நானும் அவரைத் தரையில் உருட்டிவிட்டோம். பையனை ஒருக்களித்துப் படுக்கவைத்து டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைத் தண்ணீர் பாட்டிலை ஏற்றினேன். ஸ்டாண்டு ஒடிந்து கிடந்ததால் பாட்டிலைப் பிடிக்கும் வேலை சேகருக்கு. அவர் ஆட, பாட்டில் ஆட, அவர் சட்டைக் காலரை அக்கா பிடித்துக்கொண்டார். "மருமவனே, ஏந்திரிடா, ஒங்கம்மா என்னக் கொன்னுடுவாடா," என்று சேகர் அழுதார்.

மேடம் ஓடிவந்தார். "பையன ஏன் சிஸ்டர் பெஞ்ச்ல விட்டீங்க?"

"நேரா நடந்தான் மேடம்."

"அதுதான் ஏமாத்தும். பெரியவங்களுக்குக் கால் பின்னும், தூக்கம் தள்ளும். போதும்னு ஒடம்பே சொல்லிடும். இந்த வயசுல அது சீக்கிரம் தெரியாது. நல்லாத்தான இருக்கோம்னு இன்னும் ஊத்திக்குவாங்க. வளர்ற மூளை வேற, அடி அதுக்குத்தான்."

ஆம்புலன்ஸில் அவனை டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அதற்குப் பிறகு குடித்துவிட்டு யார் எவ்வளவு ஆடிக்கொண்டு வந்தாலும், கூடக் குடித்த சின்னவனைத்தான் முதலில் பெட்டில் போடுவேன்.

மறுநாள் அந்த ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனேன். பிரவீன் கண் விழித்திருந்தான். "சிஸ்டர், நான் நேராத்தான நடந்தேன்?"

"நடந்தடா கண்ணு. அத நம்புனதுதான் என் தப்பு."