திட்டினாலும் மதிப்பெண்

தாம்பரத்தைத் தாண்டி ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறையில் வேலை பார்க்கிறேன். நோயாளியைத் தொட்டுப் பார்க்காத டாக்டர் என்று என் மாமியார் சொல்வார். பெரிய தவறில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும் சர்க்கரை நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தேன். நடந்தவர்களுக்குச் சர்க்கரை குறைந்தது. நடந்து முடித்த கையோடு எதிர்க்கடையில் வடையும் டீயும் சாப்பிட்டவர்களுக்குக் குறையவில்லை. "இதைக் கண்டுபிடிக்க ஒரு ஆராய்ச்சியா?" என்றார் என் கணவர். ஆனாலும் ஓர் ஆய்விதழ் அதை வெளியிட்டது.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் கல்லூரி முதல்வருக்குப் புதுப் பைத்தியம் ஒன்று பிடித்திருந்தது. இணையத்தில் கட்டுரைக்குப் பக்கத்தில் ஒரு வண்ண வட்டம் இருக்கும், அதற்குள் ஓர் எண். செய்தித் தளங்களிலும் சமூக ஊடகங்களிலும் அந்தக் கட்டுரை எவ்வளவு பேசப்படுகிறது என்பதற்கான மதிப்பெண் அது. ஏதோ மாநாட்டில் இதைக் கேள்விப்பட்டு வந்த முதல்வர், எல்லோருடைய எண்ணையும் எடுத்துவைத்துக்கொண்டு கூட்டம் போட்டார். என்னுடையது ஒன்று. அந்த ஒன்றும் நானே போட்ட பதிவால் வந்தது.

"உங்க வீட்ல வேற யாருக்கும் அக்கவுண்ட் இல்லையா மேடம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

அடுத்த மாதம் ஊரப்பாக்கத்தில் மொட்டைமாடி அறையிலிருந்து வீடியோ சேனல் நடத்தும் ஒருவர் கண்ணில் என் கட்டுரை பட்டுவிட்டது. 'வாக்கிங் போனால் சுகர் குறையாது! தாம்பரம் டாக்டரின் அதிர்ச்சித் தகவல்' என்று ஒரு வீடியோ போட்டார். வடை காணாமல் போயிருந்தது. அதைப் பார்த்து இரண்டு மூன்று செய்தித் தளங்கள் அப்படியே எழுதின. பிறகு ட்விட்டரில் அடிதடி. மாத்திரைக் கம்பெனி எனக்குக் காசு கொடுத்துவிட்டது என்றார் ஒருவர். என் பட்டத்தைப் பறிக்க வேண்டும் என்றார் இன்னொருவர். எந்த நாட்டிலிருந்தோ ஒரு டாக்டர், அறிவியல் எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு உதாரணமாக என் கட்டுரையின் இணைப்பைப் போட்டார். திறந்து படித்திருந்தால் முதல் பத்தியிலேயே வடை கண்ணில் பட்டிருக்கும்.

முதல்வர் தன் அறைக்கு அழைத்தார். வேலை போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டே போனேன். அவரோ எழுந்து நின்று வரவேற்றார்.

"மூணு டிஜிட் போயிடுச்சு மேடம்! நம்ம காலேஜ்ல இதான் ஹையஸ்ட்."

"சார், எல்லாரும் என்னைத் திட்டறாங்க."

"திட்டினாலும் பேசறாங்கல்ல?"

அந்த எண் கவனத்தைத்தான் அளக்கிறது, தரத்தை அல்ல என்று அதைத் தயாரிப்பவர்களே எழுதியிருந்ததைத் தேடி எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"சின்ன எழுத்துல போட்டிருக்கான். விடுங்க."

கல்லூரி ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உலகமே உற்று நோக்கும் ஆய்வு என்றார் தொகுப்பாளர். நானும் சிரித்தபடி போட்டோவுக்கு நின்றேன்.

விழா முடிந்த ஞாயிறு காலை இரும்புலியூரில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். நடைபாதையில் பழைய கூட்டம் இல்லை. எதிர்க்கடையில் இருந்தது. என் ஆய்வில் பங்கெடுத்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், காரில் வந்திறங்கி, வடையைச் சட்னியில் முக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க டாக்டர். உங்க புண்ணியத்துல முட்டிவலி போச்சு. நடக்கறதையே விட்டுட்டேன்."

"நடக்க வேணாம்னு யார் சார் சொன்னது?"

"நீங்கதான்! வாட்ஸ்அப்ல வந்துதே. சிட்லபாக்கம் பூரா அதான் பேச்சு."

இதில் இன்னொரு வேடிக்கை. வாட்ஸ்அப்பில் பேசுவது அந்த வட்டத்தின் கணக்கில் சேராது. எங்கோ இருக்கும் டாக்டரின் ஏளனத்துக்கு மதிப்பெண் உண்டு. என் கட்டுரையால் ஓர் ஏரிக்கரையே நடப்பதை நிறுத்தியதற்குக் கிடையாது.

"நான் வடைதான் சார் வேணாம்னு எழுதினேன்."

அவர் கையிலிருந்த வடையைப் பார்த்தார், பிறகு என்னை. "அதை ஏன் யாரும் ஃபார்வர்ட் பண்ணலை?" என்றார். நிஜமாகவே அறிய விரும்பிக் கேட்டார்.

கடைக்கார அக்கா எண்ணெய்ச் சட்டியிலிருந்து நிமிர்ந்தார். "இன்னா டாக்டரம்மா, நல்லா போய்கினு கீது, இப்ப வந்து பேஜார் பண்றியே! டீ குட்ச்சுட்டு போ, சக்கர இல்லாம தரேன்."

வீட்டுக்கு வந்ததும் ஒரு விளக்கக் கட்டுரை எழுதினேன். எளிய தமிழிலும் ஆங்கிலத்திலும், தலைப்பிலேயே வடையைப் போட்டு. அதே ஆய்விதழ் வெளியிட்டது. ஊரப்பாக்கத்துக்காரருக்கும் அனுப்பினேன். "இதுல அதிர்ச்சி எதுவும் இல்லையே மேடம்" என்று பதில் போட்டார். அந்தக் கட்டுரையின் வட்டம் இன்றுவரை காலியாகத்தான் இருக்கிறது.

வேறு வழியில்லாமல் காலைகளில் ஏரிக்கரைக்கே போய் நின்றேன். முதலில் வந்தவர் வங்கி மேலாளர். நடப்பதை விட்டபின் அவர் சர்க்கரை ஏறியிருந்தது. பரிசோதனை முடிவை என் கையில் கொடுத்துவிட்டு, "யார் மேல கேஸ் போடறது?" என்று கேட்டுக்கொண்டே என்னோடு ஒரு சுற்று நடந்தார். அடுத்த வாரம் அவருடைய நண்பர்கள் இருவர் சேர்ந்தார்கள். மெல்ல மெல்லப் பாதி பேர் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் இன்னும் அந்த வீடியோவைத்தான் நம்புகிறார்கள். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

போன வாரம் முதல்வர் மறுபடி அழைத்தார்.

"அடுத்து இட்லியை எடுங்க மேடம். இட்லி கெடுதின்னு வந்தா எங்கேயோ போயிடும்."

"ஆய்வு செஞ்சாதானே சார் என்ன வரும்னு தெரியும்?"

"அது சரி," என்றார். "ஆனா தலைப்பை இப்பவே யோசிச்சு வைங்க."