உப்பில்லாக் கஞ்சி

வண்டிப்பெரியாருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் குடியிருந்தோம். அங்கே எங்கள் வீட்டில் அப்பா சமைத்தது ஒரே ஒரு மழைக்காலத்தில்தான். எழுபதுகளில் அது. கொழுந்து கிள்ளப் போன அம்மா கூடையோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். கண் இரண்டும் மஞ்சள். மஞ்சள் காமாலைக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் குளுக்கோஸ் பொடி கொடுத்துப் படுக்கச் சொன்னார்கள். மற்றதெல்லாம் கீழாநெல்லியும் பத்தியமும்தான்.

முந்தின மழையில் இதே காமாலையில் பக்கத்து லயத்தில் ஒருத்தி இறந்திருந்தாள். அதனால் பத்தியத்தில் அப்பா துளியும் இறங்கி வரவில்லை. அம்மாவுக்கு உப்பு கூடாது என்றால் வீட்டில் யாருக்கும் கூடாது. உப்பு ஜாடியைக் கொண்டுபோய்த் தன் தங்கை வீட்டில் வைத்துவிட்டார்.

அந்த அத்தை ஒருநாள் எங்கள் கஞ்சியை வாயில் வைத்துப் பார்த்தாள்.

"ஏண்ணே, இது கஞ்சியா, அரிசி கழுவுன தண்ணியா? காமாலை மதினிக்கா, ஒங்க எல்லாருக்குமா?"

"ருசி வேணும்னா ஒன் வீட்டுல போய்க் குடி."

தினமும் காலையில் அம்மாவின் சிறுநீரைத் தேங்காய்ச் சிரட்டையில் பிடித்து, அதில் கொஞ்சம் வெள்ளைச் சோற்றைப் போட்டு வைப்பார். சோறு மஞ்சளானால் நோய் போகவில்லை. குனிந்து பார்த்து, அதைக் கொட்டிவிட்டுக் கஞ்சி வைக்கப் போய்விடுவார்.

ஒரு காலையில் சிரட்டையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

"இங்க வா. சோறு வெள்ளையாத்தான இருக்கு? நல்லாப் பாத்துச் சொல்லு."

வெள்ளையாகத்தான் இருந்தது. என்னை நம்பாமல் அத்தையையும் கூப்பிட்டார்.

"மல்லிப்பூ மாதிரி இருக்குண்ணே. மொதல்ல அதக் கீழ கொட்டு" என்றாள் அத்தை. உள்ளேயிருந்து அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. ஜாடியை எடுக்க ஓடினேன்.

காமாலைதான் போனது. அதைக் கொண்டுவந்த கிருமி நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மாவின் ரத்தத்தில் தங்கியிருந்ததும், பிறக்கும்போதே எனக்கும் வந்திருந்ததும் இந்த வயதில் ஒரு பரிசோதனையில்தான் தெரிந்தது. இப்போது இருவருக்கும் தினம் ஒரு மாத்திரை. கிருமியை அடியோடு ஒழிக்காதாம். ஈரலைக் கெடுக்கவிடாமல் அடக்கி வைக்குமாம். டாக்டரிடம் அம்மாதான் கேட்டாள்.

"பத்தியம் என்னங்க சார்?"

"ஒண்ணுமில்ல அம்மச்சி. சாராயம் மட்டும் குடிக்காம இருந்தாப் போதும்."

வெளியே வந்ததும், "பத்தியமில்லாம அது என்ன மருந்து?" என்று அம்மா சிரித்தாள். அப்பா கொண்டுபோய் வைத்த உப்பு ஜாடியை நினைத்து எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

அன்று ஜாடியோடு திரும்பி வரும்போதே உள்ளே விரலை விட்டு நக்கிக்கொண்டு வந்தேன். நோய் வீட்டைவிட்டே போய்விட்டது என்று நினைத்தேன். அது எனக்குள்ளேயும் இருந்தது தெரிந்திருந்தால், அந்த உப்பு அவ்வளவு ருசித்திருக்காது.