அவள் கடைசியாகத் தெளிவாகப் பேசிய நேரம்

முந்தின இரவு மகள் வீட்டுக்குப் போவது பற்றி மனைவியோடு சண்டை. மறுநாள் காலை ஆமத்தூர் வீட்டில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அவள் காபி கொண்டுவந்து வைத்தாள். பாதி தட்டில் சிந்தியிருந்தது. கோபம் என்று நினைத்து நிமிராமலே இருந்தேன்.

எட்டரைக்கு அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. போய்ப் பார்த்தால் அவளுக்கு வாய் கோணியிருந்தது, வலது கை தொங்கியது, பேச்சு வரவில்லை.

விருதுநகர் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் கேட்டார்: "கடைசியா எப்ப நல்லாப் பேசினாங்க?"

"எட்டு மணிக்கும்மா." பொய். நேரமாகிவிட்டால் மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அவங்க பேசினதை நீங்களே காதால கேட்டீங்களா ஐயா? அடைப்பு ராத்திரியே வந்திருந்தா, இந்த மருந்தால மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். உங்க சொல்லை நம்பித்தான் போடணும்."

"கேக்கலம்மா. அவகூட நான் பேசவே இல்லை."

காபி சிந்தியதையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. "வேற யாராவது பேசியிருப்பாங்களா?"

பக்கத்து வீட்டுப் பெண் நினைவுக்கு வந்தாள். எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. உள்ளே கைபேசி கொண்டுபோக முடியாது. கம்பெனி அலுவலகத்துக்கு அழைத்தேன். அவளைக் கூட்டி வரும்வரை மருத்துவர் என் பக்கத்திலேயே நின்றார்.

"அக்காவா? ஏழு மணிக்கு நான் வேன் ஏறும்போது வாசல்ல நின்னு பேசுனாகளே சார்! உங்களத்தான் வஞ்சாக. 'பேப்பரையே கட்டிக்கிட்டு அழட்டும்'னு."

மருத்துவர் கைபேசியை வாங்கினார். "வார்த்தை குழறுச்சாம்மா?"

"குழறவா? அம்புட்டும் தெளிவு. வேனே சிரிச்சுச்சு."

அந்த வசவைப் போல எனக்கு இனித்த சொல் வேறில்லை.

ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. ரத்தக் கொதிப்பு மட்டும் அதிகம். அதை மருந்தால் இறக்கிய பிறகே ஊசி போட்டார்கள்.

என் பொய்யை நம்பிப் போட்டிருந்தாலும் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது எனக்கு ஆறுதல் இல்லை. சொன்னபோது அது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் கை அசைந்தது. ராத்திரி முழுக்க செவிலியர் வந்து வந்து கையைத் தூக்கச் சொன்னார், பேர் கேட்டார்.

"எம்புட்டுத் தடவ சொல்லுறது? எழுதி ஒட்டிக்கோங்க," என்றாள் என் மனைவி. கொஞ்சம் குழறல்தான், ஆனால் புரிந்தது.

மறுநாள் மறுபடி ஸ்கேன். "எங்கேயும் கசிவில்லை ஐயா," என்றார் மருத்துவர். நடைபாதையில், செருப்புகளுக்கு நடுவே, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.