பீரங்கிக்காரரின் காது

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் காது பரிசோதனை செய்யும் கிளினிக்குக்கு அவர் வன்னியம்பட்டியிலிருந்து வந்தார். பட்டாளத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வயதிருக்கும். ஒட்ட வெட்டிய தலைமுடி; உட்கார்ந்தாலும் முதுகு நாற்காலியில் சாயவில்லை. காது கெட்டதற்கான பென்ஷன் கேட்க என் சான்று வேண்டியிருந்தது.

சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னேன். நான் சத்தமே அனுப்பாதபோதும் அழுத்திக்கொண்டிருந்தார். ஹெட்போனைக் கழற்றி, உரக்கக் கேட்டேன்.

"கேக்காததுக்கு ஏண்ணே அழுத்துறீக?"

வெட்கத்துடன் சிரித்தார். "மெடிக்கல்னாலே பாஸாகணும்னுதான் கை போகுது மேடம்."

பட்டாளத்தை விட்டு வரும்போது நடந்த பரிசோதனையிலும் அப்படித்தான் செய்தாராம்.

"அப்பவே காது மந்தம்தான். சொன்னா ஆஸ்பத்திரில போட்டுருவாக. இங்க மக பொறந்திருந்தா. நல்லாக் கேக்குதுன்னு சொல்லிட்டு ரயிலேறிட்டேன். இப்ப ஆம்பளைக பேசுனா கொஞ்சம் வெளங்குது. அவ பேசுறதுதான் கேக்கல."

திரும்பவும் சோதித்தேன். காது நிஜமாகவே போயிருந்தது.

"பீரங்கியாலதான்னு ஒரு வரி எழுதுங்க மேடம்."

"இப்பக் கேக்கலன்னுதாண்ணே நான் எழுத முடியும். எப்ப இருந்துன்னு மெஷின் சொல்லாது."

"சரி மேடம்" என்று எழுந்தார்.

போன வாரம் மடவார் வளாகம் பக்கம் அவரைப் பைக்கில் பார்த்தேன். முன்னால் டேங்க் மேல் உட்கார்ந்திருந்த மகள் திரும்பித் திரும்பி, அவர் கன்னத்தைத் தட்டி ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் அவர் சிரித்துத் தலையாட்டினார். எதற்கெல்லாம் தலையாட்டுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா, எனக்குத் தெரியவில்லை.